பாடம், பார்ட், சங்கம்: மதுரை வட்டார ஸ்பெஷல் நாடக நடிகரின் தொழில் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

மதுரையை மையமாகக் கொண்ட தென் தமிழக மாவட்டங்களில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நிகழ்ந்துவருவது ‘ஸ்பெஷல் நாடகம்’ எனப்படும் இசைநாடக வடிவம். இதில் நடிப்பவர்கள் எந்தக் குழுவுக்கும் உரியவர்கள் அல்லர். ஒவ்வொருவரும் ஓர் இரவுக்குத் தனித்தனியே ஒப்பந்தம் செய்யப்பட்டு, ஒத்திகையும் இயக்குநரும் இன்றி மேடையில் ஒன்றுகூடுகின்றனர். நாடகக் கம்பெனிகளின் வீழ்ச்சியால் விளைந்த சீர்குலைவாகவே இவ்வடிவம் பெரும்பாலும் மதிப்பிடப்பட்டிருக்கிறது. இக்கட்டுரை அதனை நடிகரின் தொழில் ஏற்பாடு என்ற கோணத்தில் அணுகுகிறது. சங்கரதாஸ் சுவாமிகள் மரபின் பொதுப் பாடம், ‘பார்ட்’ என்னும் பாத்திரப் பகுப்பு, நடிகர் சங்கம் ஆகிய மூன்றும் நடிகரைக் கம்பெனி முதலாளியிடமிருந்து விடுவித்தன என்பதையும், அவ்விடுதலையின் விலையை நடிகர்கள், குறிப்பாகப் பெண்களும் தாழ்த்தப்பட்ட நிலையில் வைக்கப்பட்ட சாதியினரும், செலுத்த நேர்ந்தது என்பதையும் நிறுவ முயல்கிறது.

திறவுச் சொற்கள்: ஸ்பெஷல் நாடகம், சங்கரதாஸ் சுவாமிகள், ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பாய்ஸ் கம்பெனி, நடிகர் சங்கம், விஸ்வநாததாஸ்

முன்னுரை

தமிழ் நாடக வரலாறு பெரும்பாலும் இரண்டு நிரல்களில் எழுதப்பட்டிருக்கிறது. ஒன்று ஆசிரியர்களும் சபைகளும் அடங்கிய நிரல். அதில் சங்கரதாஸ் சுவாமிகளும் பம்மல் சம்பந்த முதலியாரும் தலைமை பெறுகின்றனர். மற்றொன்று, மேடையில் பயின்று திரைப்படத்தில் புகழடைந்தவர்களின் நிரல். எம்.கே. தியாகராஜ பாகவதர், என்.எஸ். கிருஷ்ணன், எம்.ஜி. இராமச்சந்திரன், சிவாஜி கணேசன் என அது நீள்கிறது. இவ்விரண்டு நிரல்களிலும் இடம்பெறாதவர் ஒருவர் உண்டு. திரைப்படத்துக்குச் செல்லாமல், கம்பெனி எதிலும் நிலைக்காமல், திருவிழாக் காலத்தில் ஊர் ஊராகச் சென்று இரவு முழுதும் பாடி நடித்து, விடிந்தபின் சம்பளம் பெற்று வீடு திரும்பும் நடிகர் அவர். மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம், திண்டுக்கல் பகுதிகளின் கோயில் திருவிழாக்கள் இவரை நம்பியே நாடக இரவுகளை நடத்தி வந்துள்ளன.

இவருடைய தொழில் வாழ்க்கையை அறியக் கிடைக்கும் சான்றுகள் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. தி.க. சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’ கம்பெனி வாழ்வின் உள்நிலையைக் காட்டுகிறது. மதுரகவி பாஸ்கரதாஸின் நாட்குறிப்புகள் பாடலாசிரியர் ஒருவரின் அன்றாடத்தினூடே நடிகர்களின் நடமாட்டத்தைப் பதிவு செய்கின்றன. சு. தியடோர் பாஸ்கரன் மேடைக்கும் தேசிய இயக்கத்துக்கும் இருந்த உறவை ஆராய்ந்துள்ளார். சூசன் சீசர் 1990களில் மதுரையில் தங்கி ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களைப் பற்றி மேற்கொண்ட இனவரைவியல் ஆய்வு 2005இல் நூலாக வெளிவந்தது. கலைஞர்கள் சுமக்கும் சமூக இழிவே அந்நூலின் மையப் பொருள். இக்கட்டுரை இவற்றைத் தொழில் வரலாறு என்ற ஒரே இழையில் கோத்துப் பார்க்கிறது.

கம்பெனி என்னும் கூரை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பார்சி நாடகக் குழுக்களின் தாக்கத்தால் தமிழகத்தில் தொழில்முறை நாடகக் கம்பெனிகள் பெருகின. கம்பெனி என்பது முதலாளி, வாத்தியார், நடிகர்கள், பக்கவாத்தியக்காரர்கள், திரைச்சீலைகள், உடைப்பெட்டிகள் ஆகிய அனைத்தும் ஒரே உடைமையாக ஊர்விட்டு ஊர் நகரும் நிறுவனம். ஓர் ஊரில் கொட்டகை அமைத்து, வசூல் குறையும்வரை நாடகங்களை மாற்றி மாற்றி நடத்திவிட்டு அடுத்த ஊருக்குப் பெயர்வது அதன் வழக்கம். நடிகருக்கு உணவும் உறைவிடமும் மாதச் சம்பளமும் கம்பெனியே அளித்தது. நேரக் கட்டுப்பாடும் நடத்தைக் கட்டுப்பாடும் அதற்கு ஈடாக அமைந்தன.

1867இல் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் தாமும் இவ்வமைப்பில் நடிகராகவே தொடங்கினார். இரணியன், இராவணன், எமதருமன், சனீஸ்வரன் போன்ற அச்சமூட்டும் வேடங்கள் அவருக்குரியனவாக இருந்தன. பின்னர் வேடம் புனைவதை விடுத்து நாடகம் எழுதுவதிலும் பயிற்றுவிப்பதிலும் ஈடுபட்டார். வயதுவந்த நடிகர்களிடம் கட்டுப்பாடு காண இயலாத நிலையில் சிறுவர்களைக் கொண்ட குழுக்களை அவர் நாடினார் என்பது நாடக வரலாற்றாசிரியர் பலரும் ஏற்கும் செய்தி. 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையும், 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையும் அவர் முயற்சியில் எழுந்தன. ‘பாய்ஸ் கம்பெனி’ என்ற பெயரில் இத்தகைய குழுக்கள் தொடர்ந்து பல தோன்றின. தி.க. சண்முகம் தம் தமையன்மாருடன் மதுரைச் சபையில் சேர்ந்தபோது அவருக்கு வயது ஆறு.

பாய்ஸ் கம்பெனி சிறுவனுக்குப் பள்ளியாகவும் வீடாகவும் தொழிற்கூடமாகவும் ஒருங்கே விளங்கியது. வறுமையுற்ற குடும்பங்கள், பிள்ளைக்கு மூன்று வேளை உணவு உறுதி என்ற ஒரே நம்பிக்கையில் அவனைக் கம்பெனியில் சேர்த்ததுண்டு. ஆனால் அவ்வீட்டில் தங்குவதற்கு ஒரு காலவரை இருந்தது. பெண் வேடமும் பாலர் வேடமும் ஏற்றுப் பாடிய சிறுவனுக்குக் குரல் உடையும் பருவம் வரும்போது அவன் மதிப்பு ஒரே ஆண்டில் சரியக்கூடும். குரல் தேறிப் புதிய வேடம் கிடைத்தவர் தப்பினர். மற்றவர் வெளியேற வேண்டியிருந்தது. அவ்வாறு வெளியேறியவர் கையில் எஞ்சியது ஒன்றே: மனப்பாடமாகிவிட்ட நாடகங்கள்.

பாடம் என்னும் பொதுச் சொத்து

ஸ்பெஷல் நாடகத்தின் தோற்றத்தை விளக்கும் திறவுகோல் இங்கேதான் உள்ளது. பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவர்கள் பயின்றவை வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன், அபிமன்யு சுந்தரி, நல்லதங்காள் முதலிய ஏறத்தாழ ஒரே நாடகங்கள். அவற்றுள் பலவும் சுவாமிகளின் ஆக்கங்கள் அல்லது அவர் மரபைத் தழுவியவை. வெவ்வேறு கம்பெனிகளில் வளர்ந்த இருவர் முன்பின் சந்திக்காதவராயினும், ‘வள்ளி திருமணம்’ என்றால் எந்தக் காட்சிக்குப்பின் எது வரும், எந்த விருத்தத்துக்கு எது மறுமொழி என்பதை அறிந்திருந்தனர். பாடம் ஒரு கம்பெனியின் உடைமையாக இருந்த நிலை மாறி, நடிகர் ஒவ்வொருவரின் நினைவிலும் தங்கிய பொதுச் சொத்தாயிற்று. அத்தகைய சொத்து இருக்கும்போது, ஒரே இரவுக்காக நடிகர்களைப் பல ஊர்களிலிருந்து தருவித்துச் சேர்ப்பது இயலுவதாயிற்று. ‘ஸ்பெஷல்’ என்னும் பெயரும் அந்த ஒரு நிகழ்வுக்கெனத் தனியே தருவித்தல் என்ற பொருளில் வழங்கலாயிற்று.

எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. செங்கோட்டையில் 1906இல் பிறந்த கிட்டப்பா, இளமையிலேயே மேடையேறி, கன்னையா கம்பெனியின் நாடகங்களில் பெரும்புகழ் பெற்றவர். கொடுமுடியில் 1908இல் பிறந்த சுந்தராம்பாள் வேலு நாயர் கம்பெனியில் தொடங்கியவர். இருவரும் ஒரே கம்பெனியில் வளர்ந்தவர்கள் அல்லர். 1926இல் கொழும்பில் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் இணைந்து நடித்தபோது இருவருக்கும் பொதுவாக இருந்தது அந்நாடகப் பாடமும் உச்சக் கட்டையில் பாடும் குரல் வளமுமே. அவர்களுடைய இணை பின்னர் தமிழகமெங்கும் ஸ்பெஷல் நாடகங்களுக்குக் கூட்டம் சேர்த்தது. 1933இல் கிட்டப்பா இருபத்தேழு வயதில் மறைந்ததோடு அது முடிவுற்றது.

இங்கு ஒரு முரண் கருதத்தக்கது. வயதுவந்த நடிகர்களின் கட்டுப்பாடின்மையைக் கண்டு சுவாமிகள் சிறுவர் சபைகளை அமைத்தார். அச்சபைகளுக்கென அவர் வகுத்த பாடமே, எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்படாத நடிகர்களின் தொழில் முதலாக மாறியது. இன்றும் மதுரை நடிகர்கள் அவரைத் தலைமை ஆசிரியராகப் போற்றி ஆண்டுதோறும் குருபூஜை நடத்துகின்றனர். பக்தி மட்டுமே அதற்குக் காரணம் என்று கொள்வது போதாது. தங்களை ஒருவரோடொருவர் பிணைக்கும் ஒரே உடைமையை அளித்தவர் என்ற தொழில்வழி நன்றியும் அதில் கலந்துள்ளது.

பார்ட்: பாத்திரமும் பதவியும்

பொதுப் பாடம் மட்டும் இருந்தால் போதாது. யார் எதை ஏற்பது என்பதும் முன்கூட்டியே தெளிவாயிருக்க வேண்டும். ‘பார்ட்’ என்னும் பகுப்பு அதனை நிறைவேற்றியது. அரசனும் தலைவனுமாக வருபவர் ராஜபார்ட். தலைவியாக வருபவர் ஸ்திரீபார்ட். நகைச்சுவைக்குரியவர் பபூன். அவரோடு இணைந்து ஆடும் பெண் கலைஞர் ‘டான்ஸ்’ என்றே அழைக்கப்படுகிறார். இவர்களுடன் ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் எனப்படும் பல தாளக்கருவிகளை இசைப்பவர் ஆகியோர் சேர்கின்றனர்.

பார்ட் என்பது ஒரு நாடகத்தின் ஒரு பாத்திரத்தைக் குறிப்பதோடு நிற்பதில்லை. ஸ்திரீபார்ட் கலைஞர் ஓர் இரவு வள்ளியாகவும், மறுநாள் பவளக்கொடியாகவும், அதற்கடுத்த நாள் சாவித்திரியாகவும் வரவேண்டும். எந்த ஊர் எந்த நாடகத்தைக் கேட்டாலும் அதற்குரிய பாட்டும் வசனமும் அவரிடம் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். ஆகவே பார்ட் என்பது நடிகரின் தொழிற்பெயர், தகுதிச் சான்று, சம்பளத் தரம் ஆகிய மூன்றையும் ஒருசேரச் சுட்டுவதாயிற்று. இளம்பருவத்தில் டான்ஸ் கலைஞராகத் தொடங்கிப் பாடம் பயின்று ஸ்திரீபார்ட்டாக உயர்வதும், முதுமையில் சிறு வேடங்களுக்கு இறங்குவதும் இத்தொழிலில் காணும் ஏற்ற இறக்கங்கள்.

இவ்வரிசையைப் பொதுவெளியில் உறுதிசெய்யும் ஆவணம் நாடக நோட்டீஸ். ஊர்ப் பெயர், திருவிழா, நாடகத்தின் பெயர், நேரம், விழாக் கமிட்டியினர் ஆகிய விவரங்களோடு நடிகர்களின் பெயர்களும் அவரவர் பார்ட்டும் அடைமொழிகளும் அதில் அச்சாகும். அண்மைக் காலத்தில் ஒவ்வொருவரின் நிழற்படமும் இடம்பெறுகிறது. படம் எந்த இடத்தில், எந்த அளவில் அமைகிறது என்பது அவரவர் தரத்தைக் காட்டுவதால், நோட்டீஸ் ஊராருக்கு அழைப்பாகவும் நடிகருக்கு அடுத்த வாய்ப்பைத் தேடித்தரும் சான்றாகவும் பயன்படுகிறது. நிலையான நிறுவனம் ஏதும் இல்லாத தொழிலில் பணிப்பதிவேடு என்று சொல்லத்தக்கது இந்த மலிவுத்தாள் ஒன்றே.

ஓர் இரவின் உழைப்பு

நாடகம் இரவு பத்து மணியளவில் தொடங்கி விடியும்வரை நடைபெறும். முதலில் ஆர்மோனியக் கலைஞர் இறைவணக்கம் பாடுவார். அடுத்துப் பபூன் தோன்றித் தனித்துப் பேசியும் பாடியும் கூட்டத்தை அமர்த்துவார். பின்பு டான்ஸ் கலைஞருடன் அவர் நிகழ்த்தும் ஆட்டமும் நகைச்சுவையும் தொடரும். நாடகக் கதை தொடங்கும்போது நள்ளிரவு நெருங்கியிருக்கும். வள்ளி திருமணமாயின், அதன் உயிர்நிலை தர்க்கக் காட்சிகளில் உள்ளது. நாரதரும் வள்ளியும், பின்னர் வேடனாக வரும் முருகனும் வள்ளியும், புராணச் செய்தியையும் அறநூற் கருத்தையும் முன்னிறுத்தி வினா எழுப்பி விடை கூறுவர். விடியற்காலையில் திருமணத்தோடு நாடகம் மங்கலமாக நிறைவுறும். திருவிழாக்களில் இந்நாடகம் மிகுதியாக விரும்பப்படுவதற்கு இம்மங்கல முடிவும் ஒரு காரணம்.

தர்க்கக் காட்சியின் தொழில்நுட்பம் நுணுகி நோக்கத்தக்கது. பாடம் பொதுவானதெனினும் வினாக்கள் அனைத்தும் பாடத்தில் இல்லை. எதிரில் நிற்பவர் எந்தப் புராணத்திலிருந்து எதைக் கேட்பார் என்பது முன்னரே தெரியாது. விடை சொல்லத் தெரியாத நடிகர் நூற்றுக்கணக்கானோர் முன்னிலையில் தலைகுனிய நேரும். அந்தச் செய்தி அடுத்த ஊருக்கும் எட்டும். எனவே பகலில் படிப்பதும் பாட்டு நோட்டைப் புரட்டுவதும் மூத்தவரிடம் கேட்டறிவதும் தொழிலின் பகுதியாயின. ஒத்திகை இல்லாத நாடகம் என்று இதனைக் குறிப்பிடுவது வழக்கம். கூட்டு ஒத்திகை இல்லை என்பதே சரி. தனி ஒத்திகை நடிகரின் வாழ்நாள் முழுதும் நடந்துகொண்டிருக்கிறது.

கூட்டு ஒத்திகையின் இடத்தை மேடையில் நிரப்புபவர் ஆர்மோனியக் கலைஞர். வரும் நடிகர் எந்தக் கட்டையில் பாடுபவர், எந்த மெட்டில் விருத்தத்தைத் தொடங்குவார் என்பதை அறிந்து சுருதி கூட்டுவது அவர் கடமை. நடிகர் தடுமாறினால் அடியெடுத்துக் கொடுப்பவரும், காட்சி நீண்டால் இசையால் குறிப்புணர்த்துபவரும் அவரே. ஒலிபெருக்கி வராத காலத்தில் கடைசி வரிசைவரை எட்டுமாறு உச்சக் கட்டையில் இரவு முழுதும் பாடுவது நடிகரின் உடலுக்குப் பெரும் சுமையாக இருந்தது. ஒலிபெருக்கி வந்தபின் குரலின் சுமை ஓரளவு குறைந்தது. கூடவே, உச்சக் குரல் பெற்றிருந்த தனி மதிப்பும் குறைந்தது.

இவ்வடிவத்தைக் குறைகூறியோரின் வாதங்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒத்திகையின்மை, ஒருவரை ஒருவர் விஞ்ச முயலும் போட்டி, கதையை மறந்து பாட்டையே நீட்டும் போக்கு ஆகியவை கம்பெனிக் கட்டுப்பாட்டில் பயின்ற கலைஞர்களுக்கு உறுத்தலாக இருந்தன. இக்குறைகள் உண்மையானவை. எனினும், தொழில் நோக்கில் போட்டிக்கு வேறொரு காரணம் தென்படுகிறது. கம்பெனி நடிகர் சிறப்பாக நடித்தாலும் நடிக்காவிட்டாலும் மாதச் சம்பளம் உண்டு. ஸ்பெஷல் நடிகருக்கு இன்றைய மேடையே நாளைய ஒப்பந்தத்தைத் தீர்மானிக்கிறது. உடன் நடிப்பவர் ஒரே நேரத்தில் துணைவராகவும் போட்டியாளராகவும் இருப்பது அவ்வேற்பாட்டின் இயல்பு.

ஏஜண்ட், சீசன், சங்கம்

ஓர் ஊரின் விழாக் கமிட்டி நாடகம் வைக்கத் தீர்மானித்தால் முதலில் நாடுவது ஏஜண்டை. நோட்டீசுகளில் இவர் ‘நாடக அமைப்பாளர்’ எனக் குறிக்கப்படுவதும் உண்டு. ஊராரின் விருப்பத்தையும் கையிருப்பையும் அறிந்து, எந்த ராஜபார்ட்டுக்கு எந்த ஸ்திரீபார்ட் பொருந்துவார் என்று கணித்து, ஒவ்வொருவரிடமும் நாள் பெற்று முன்பணம் கொடுப்பவர் அவர். எஞ்சிய தொகை நாடகம் முடிந்தபின் கிடைக்கும். மழையால் நாடகம் நின்றாலோ, ஊரில் சச்சரவு எழுந்தாலோ அத்தொகைக்கு உறுதியில்லை.

வருவாய் ஆண்டு முழுதும் ஒரே சீராக வருவதில்லை. பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் திருவிழாக்கள் அடுத்தடுத்து வருவதால் நடிகர் உறக்கமின்றி இரவுதோறும் நடிக்க நேரும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் வாய்ப்பு அருகிவிடும். சீசனில் ஈட்டியதைக் கொண்டு எஞ்சிய மாதங்களைக் கடத்துவதும், அடுத்த சீசனின் சம்பளத்தை நம்பிக் கடன் வாங்குவதும் இத்தொழிலோடு ஒட்டிய வழக்கங்கள். வேளாண்மையை நம்பிய ஊர்களே நாடகத்தைப் புரப்பதால், ஊரில் விளைச்சல் பொய்த்தால் நடிகரின் அடுப்பிலும் அதன் விளைவு தெரியும்.

கம்பெனி அளித்த பாதுகாப்பு இல்லாத இந்நிலையில் நடிகர்கள் தாமே அமைத்துக்கொண்ட அரண் சங்கம். மதுரையிலுள்ள தமிழ்நாடு நாடக நடிகர் சங்கம் அவற்றுள் மூத்தது. புதுக்கோட்டை, காரைக்குடி, திண்டுக்கல் முதலிய ஊர்களிலும் சங்கங்கள் உள்ளன. உறுப்பினர்க்குத் தொழில் அடையாளம் அளிப்பது, நடிகருக்கும் ஏஜண்டுக்கும் ஊராருக்கும் எழும் வழக்குகளைத் தீர்ப்பது, இறப்பிலும் நோயிலும் உதவுவது ஆகியவை அவற்றின் பணிகள். நாடக ஏற்பாட்டுக்காக வருவோர் நடிகரைக் கண்டறியும் இடமும் சங்கத்தைச் சூழ்ந்த தெருக்களே.

சங்கத்தின் வரலாற்றுச் சிறப்பு மற்றொன்றிலும் உள்ளது. ஸ்பெஷல் நாடகத்தில் பல சாதியினரும் உள்ளனர். பரம்பரைக் கலைக்குடி என்ற அடிப்படை இதற்கு இல்லை. ஆகவே சாதிக் கட்டமைப்பு பிற கலைகளில் ஆற்றிய பணியை, அதாவது யார் தொழிலுக்குரியவர் என்று வரையறுப்பதை, இங்கே உறுப்பினர் பட்டியல் ஆற்றியது. உடன் தொழில் செய்வோரை அண்ணன், அக்கா என உறவுமுறை சொல்லி அழைப்பதும், வெளியாருக்கு விளங்காத குழூஉக்குறிச் சொற்களைத் தம்முள் வழங்குவதும் ஒரே குடியாகத் தம்மைக் கருதிக்கொண்டதன் அடையாளங்கள்.

விடுதலையின் விலை

‘கூத்தாடி’ என்னும் சொல் தமிழில் நெடுங்காலமாக வசையாகவும் வழங்குகிறது. ஊர்ப்பெரியவர் மாலையிட்டு வரவேற்ற முருகனுக்கு, வேடம் கலைந்தபின் வாடகைக்கு வீடு கிடைப்பது அரிதாக இருந்தது. இவ்விழிவு அனைவர் மேலும் ஒரே அளவாகப் படியவில்லை.

பாய்ஸ் கம்பெனிகளில் ஆண்களே பெண் வேடம் புனைந்தனர். ஸ்பெஷல் நாடகத்தில் ஸ்திரீபார்ட் பெரிதும் பெண்களின் தொழிலாயிற்று. தம் பெயரில் ஒப்பந்தம், தம் கையில் சம்பளம், ஆண் நடிகருக்கு நிகராக மேடையில் தர்க்கம் செய்யும் உரிமை ஆகியவை அவர்களுக்குக் கிட்டின. ஆனால் இரவில் வெளியே செல்லும் பெண், அந்நிய ஆண்களுடன் பேசும் பெண், கூட்டத்தின் பார்வைக்கு நிற்கும் பெண் என்ற மூன்று பழிகளும் அத்தொழிலோடு வந்தன. நடிகையர் பயணத்தின்போது எளிய உடை உடுத்துவதையும், பேருந்து நிலையத்தில் நாடகப் பேச்சைத் தவிர்ப்பதையும், இயன்றவரை மூடிய வண்டிகளில் செல்வதையும் சூசன் சீசர் விரிவாகப் பதிந்துள்ளார். மேடைக்குச் செல்லும் வழியில் சாதாரணக் குடும்பப் பெண்ணாகத் தோற்றமளிப்பதும் அவர்களுக்கு நடிப்பின் மற்றொரு பகுதியாக இருந்தது. அப்பகுதிக்குச் சம்பளம் இல்லை.

சாதியின் விலையை விஸ்வநாததாஸின் வாழ்க்கை காட்டுகிறது. 1886இல் சிவகாசியில் மருத்துவர் குலத்தில் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்த அவர், முருகன் வேடத்தில் நிகரற்றவராகப் போற்றப்பட்டார். வள்ளி தினைப்புனத்தில் பறவை ஓட்டும் காட்சியில் வெள்ளைக் கொக்கை ஆங்கில ஆட்சிக்குக் குறியீடாக்கிப் பாடப்பட்ட பாடல் அவர் மேடைகளில் மக்களைக் கிளர்ச்சியுறச் செய்தது. பாஸ்கரதாஸ் போன்றோர் எழுதிய தேசியப் பாடல்கள் இத்தகைய நாடகங்களின் வழியே சிற்றூர்களை எட்டின. 1876ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிச் சட்டம் நடைமுறையிலிருந்த அக்காலத்தில் விஸ்வநாததாஸ் பலமுறை சிறை சென்றார். சிறைவாசம் அவருக்குப் புகழ் தந்தது. எனினும் அவர் பிறப்பைக் காரணம் காட்டி உடன் நடிக்க மறுத்த கலைஞர்களும் இருந்தனர். எவரும் எவருடனும் நடிக்கலாம் என்ற ஸ்பெஷல் நாடகத்தின் அடிப்படை விதி, எவரும் எவருடனும் நடிக்க மறுக்கலாம் என்ற உரிமையையும் உள்ளடக்கியிருந்தது. கம்பெனி முதலாளி ஆணையிட்டால் மறுப்பதற்கு இடமிராது. ஆணையிடுவார் இல்லாத தொழிலில் சாதி தன் ஆணையைச் செலுத்தியது.

அவருடன் துணிந்து நடித்தவர்களுள் ஒருவர் மதுரை கே.பி. ஜானகி அம்மாள். பாய்ஸ் கம்பெனி ஒன்றில் மாதச் சம்பளத்தில் தொடங்கி, பாட்டுத் திறத்தால் முன்னணி ஸ்பெஷல் நடிகையாக உயர்ந்த அவர், பின்னர் விடுதலைப் போராட்டத்திலும் பொதுவுடைமை இயக்கத்திலும் இணைந்து, 1967இல் சட்டமன்ற உறுப்பினரானார். நாடக மேடையில் பயின்ற குரலும் அஞ்சாமையும் அரசியல் மேடைக்குப் பெயர்ந்தமைக்கு அவர் சான்று.

விஸ்வநாததாஸ் 1940ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் சென்னையில் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் மயில்மீது முருகனாக அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் நீத்தார். இந்நிகழ்ச்சி புனித மரணமாகவே வருணிக்கப்பட்டு வருகிறது. தொழில் வரலாற்றில் இதற்கு மற்றொரு பொருளும் உண்டு. ஐம்பத்து நான்கு வயதில், சிறைவாசங்களால் நலிந்த உடலோடு, அந்த இரவின் வருவாயை விட்டுவிட இயலாத நிலையில் ஒரு நடிகர் மேடையில் இருந்தார். ஓய்வூதியமோ சேமநிதியோ ஓய்வு பெறும் வயதோ அவர் தொழிலில் இல்லை.

பேசும்படத்துக்குப் பின்

1931இல் ‘காளிதாஸ்’ வெளிவந்தது. அதில் நடித்த டி.பி. ராஜலட்சுமி நாடக மேடையிலிருந்து சென்றவர். 1934இல் ‘பவளக்கொடி’ படமானபோது தியாகராஜ பாகவதர் அதே கதையை மேடையில் பாடிப் புகழ்பெற்றிருந்தார். தொடக்ககாலப் பேசும்படம் கதை, பாட்டு, நடிகர் ஆகிய மூன்றையும் இசைநாடகத்திலிருந்தே பெற்றது. நகர்ப்புற நாடகக் கொட்டகைகள் பல திரையரங்குகளாயின. பெருஞ்செலவில் இயங்கிய கம்பெனிகள் இப்போட்டியில் ஒவ்வொன்றாகக் கலைந்தன.

ஆனால் ஸ்பெஷல் நாடகம் மறையவில்லை. நுழைவுச்சீட்டு வசூலை நம்பிய கொட்டகையிலிருந்து, ஊர்வரியை நம்பிய கோயில் திடலுக்கு அது பெயர்ந்தது. ஊரே பொதுப்பணத்தில் நாடகம் வைப்பதால் பார்ப்பவர் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. சுமந்து செல்லும் காட்சித்திரைகளோ ஆண்டு முழுதும் உணவளிக்க வேண்டிய குழுவோ இல்லாததால் செலவும் குறைவு. கம்பெனியைப் போல் நலியாமல் இவ்வடிவத்தைக் காத்தது, நிறுவனச் சுமை இன்மையே. அச்சுமையை நடிகர் ஒவ்வொருவரும் தனித்தனியே தம் தோளில் ஏற்றுக்கொண்டதனால்தான் அது இயன்றது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில முடிவுகளை எட்டலாம். ஸ்பெஷல் நாடகம் கம்பெனி நாடகத்தின் சிதைவு எனக் கருதுவது அரங்கக் கலையின் ஒழுங்கை மட்டும் அளவுகோலாகக் கொண்ட மதிப்பீடு. தொழிலை அளவுகோலாகக் கொண்டால், கம்பெனியில் கற்ற பாடத்தைத் தம் உடைமையாக்கி, பார்ட் என்னும் தகுதியை விலைபேசும் ஆற்றலாக்கி, சங்கத்தின் வழியே ஒன்றுபட்ட நடிகர்களின் புதிய ஏற்பாடாக அது விளங்குகிறது. நடிகரின் தன்னுரிமையும் நிலையின்மையும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ஒன்றைப் போற்றி மற்றொன்றுக்கு இரங்குவது வரலாற்றைப் பாதியாக்கும்.

சுவாமிகளின் நாடகங்கள் நூல்களாகப் பதிப்பிக்கப்பட்டு வருகின்றன. ஆனால் நூலில் இல்லாத வினாக்களும் விடைகளும், ஆர்மோனியக் கலைஞர் அறிந்த சுருதிக் கணக்குகளும், நடிகர்களின் கையெழுத்துப் பாட்டு நோட்டுகளும், நாள் கடந்ததும் தூக்கியெறியப்படும் நோட்டீசுகளும் இத்தொழிலின் உண்மையான ஆவணங்கள். இவை நடிகர் இல்லங்களில் பழைய பெட்டிகளுக்குள் கிடக்கின்றன. ஒருவர் மறையும்போது அவற்றோடு அவர் நினைவிலிருந்த பாடமும் மறைகிறது. அவற்றைத் திரட்டிக் காக்கும் பணி தமிழ் நாடக வரலாற்றில் விடுபட்ட மூன்றாவது நிரலை எழுதுவதற்கு முதற்படியாகும்.